அந்த ரெண்டு நிமிஷத்த வெட்டித் தாருங்க

ஹலோ... ஹலோ... ஆ, கேக்குது, கேக்குது. வச்சிராதீங்க சாரே. நீங்க நாலாவது ஆளாக்கும். ஒருத்தர் இன்னொருத்தருக்குத் தாறேன்னு சொல்லுவாரு, பாட்டு போடும், பிறகு கட்டாயிரும்... ஆமா, ஆமா. நீங்க வைக்க மாட்டீங்க. சரி.

நான் பொன்னப்பன். பாறசாலை பக்கம் குளத்தூர்ல இருந்து பேசுறேன்... பாறசாலை. பா... ற... கேரளாதான். களியக்காவிளை தாண்டினா எங்க இடம்தான்... ஆமா, வீட்டுல தமிழ்தான். மலையாளமும் உண்டு. நீங்க எதுல வேணும்னாலும் பேசுங்க, எனக்கு காரியம் நடந்தாப் போதும்.

இல்ல சாரே, ஓட்டுப் போட போன் விளிச்சது இல்ல... போட்டிக்குச் சேரவும் இல்ல. எனக்க மவ அனகா. உங்களுக்க 'சட்டியும் ராணியும்' நிகழ்ச்சியில... ஆ, அவளேதான்! சாளை மீன் கறி வச்ச பிள்ளை. நான் அவளுக்க அப்பனாக்கும்.

நல்லா இருக்கா... இல்ல, நல்லா இல்ல. அதுக்குத்தான் விளிச்சேன்.

உங்களுக்க பேரு என்ன சாரே?... அஸ்வந்த். அங்க உங்களுக்கு என்ன வேலை?... ஒருங்கிணைப்பாளர். ஆ. வயசு?... சும்மாதான் கேட்டேன்... இருபத்தஞ்சா? அப்பம் எனக்க மவள விட ரெண்டு வயசு எளசு. நான் தம்பின்னு கூப்பிடலாமில்லா?... சரி தம்பி.

காரியம் இதாக்கும். இன்னைக்கு ஆறரைக்கு அனகாவுக்க எபிசோடு வருது. அதுல ஒரு ரெண்டு நிமிஷம் உண்டு. அத வெட்டித் தரணும்.

...

இல்ல தம்பி, சிரிக்காதீங்க. நான் வெளையாட்டுக்குச் சொல்லல்ல.

...

எந்த ரெண்டு நிமிஷமா? நீங்க முன்னோட்டம் பாக்கல்லியா? போன சனிக்கிழமை முதக்கொண்டு மணிக்கொரு தடவ... ஒரு நிமிஷம். ஏட்டி விஜயம்மா! அத அணைச்சுப் போடு! அணையின்னா சத்தத்த கொறைக்கியதா அர்த்தம்? அணையிடி!... மன்னிக்கணும் தம்பி. பெண்டாட்டியாக்கும். இப்பமும் அதுதான் ஓடுது. நீங்க சொல்லாமலே காட்டுறாங்க பாருங்க.

அதுல எனக்க மவ கரையிறா இல்லியா, அந்த இடம்... கரையிறதுன்னா? அழுறது தம்பி. நாங்க கரச்சில்னுதான் சொல்லுவோம். அவ அழுதுட்டு, 'அன்னைக்கு முழுசும் நான் சாப்பிடல்ல'ன்னு சொல்லுறா. உடனே திரை இருட்டாவுது. 'பட்டினி போட்ட மாமியார்'னு செவப்பு எழுத்து ஓடி வந்து நிக்குது.

...

கேள்விக்குறி உண்டா? எனக்குத் தெரியல்ல... அத்தன சிறுசாட்டு போட்டா எந்தக் கண்ணுக்குத் தெரியும் தம்பி? மாமியார்ங்கிற எழுத்து எங்க வீட்டு ஜன்னல் அளவுக்கு இருக்கு, கேள்விக்குறி எறும்பு அளவுக்கு.

நடந்தத சொல்லுறேன், நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க. எனக்க மவளுக்கு கல்யாணம் கழிஞ்ச புதுசு. ஒற்றசேகரமங்கலத்துல ஆக்கும் கெட்டிக் கொடுத்தது. ஒரு நாள் சோறு கருகிப் போச்சு. மாமியார் சௌதாமினி அம்மா 'உங்களுக்க வீட்டுல அடுப்பே இல்லியா'ன்னு ஒரு வாக்கு சொன்னாவ. எந்த வீட்டுல இல்ல இது? இவளுக்கு ரோஷம். பிணங்கிட்டு போய் படுத்துட்டா, சாப்பிடல்ல. அடுத்த நாள் காலம்பற வெளுப்புக்கு மாமியாரே புட்டும் பயறும் வச்சு, கதவத் தட்டி, கட்டில்ல இருத்தி ஊட்டி விட்டாவ. அன்னைக்குப் பிறகு அவங்க ரெண்டு பேரும் சேர்ந்துட்டு என்னையும் மருமவனையும் பரிகாசம் பண்ணுவாங்க. அப்பிடி ஒரு சேர்ச்சை.

இந்தப் புட்டு வரைக்கும் அவ சொன்னாளாம் தம்பி! கேமராவுக்கு முன்னால சொன்னாளாம். 'இப்பம் அவிய எனக்கு இன்னொரு அம்மை'ன்னும் சொன்னாளாம். அந்தப் புட்டு எங்க? பயறு எங்க? அம்மைன்னு சொன்னது எங்க?

...

நேரம் போதாதா. சரி. பட்டினிக்கு நேரம் உண்டு, புட்டுக்கு நேரம் இல்ல.

...

ஆரும் வற்புறுத்தல்லன்னு நீங்க சொல்லுறீங்க. நான் ஒண்ணு கேக்கிறேன். அவள ஒரு சின்ன அறையில இருத்தி, வெளிச்சத்த மூஞ்சிக்கு நேரா வச்சு, ஒரு பொண்ணு கேட்டிருக்கு, வீட்டுல உங்களுக்கு என்ன கஷ்டம்னு. இவ 'ஒண்ணும் இல்ல'ன்னா. 'ஒண்ணுகூடவா இல்ல? நல்லா யோசிங்க'ன்னு அந்தப் பொண்ணு. முக்கால் மணிக்கூர் தம்பி! முக்கால் மணிக்கூர் அப்பிடி இருத்தி கேட்டா ஆருக்கும் ஒரு கஷ்டம் வராதா? உங்களுக்கு வராதா?

...

ஆமா... ஆமா. கையெழுத்து போட்டா. அது உண்மை. சாட்சிக் கையெழுத்து போட்டதும் நான்தான். பதினாலு பக்கம். இங்க, இங்க, இங்கன்னு உங்களுக்க ஒரு பொண்ணு விரல வச்சு காட்டிச்சு, போட்டுக் கொடுத்தேன்... வாசிக்கல்ல. முப்பது வருஷம் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவனாக்கும் நான். டிக்கெட்டுக்க பின்னால என்ன எழுதியிருக்குன்னு ஒரு ஆளு வாசிச்சு நான் கண்டதில்ல. நானும் அப்பிடியே ஆயிட்டேன்.

விண்ணப்பம் எழுதினதும் நான்தான். அவளுக்கு இஷ்டமே இல்ல. 'அப்பா, எனக்கு இந்த கேமராவெல்லாம் வேண்டாம்'னு சொன்னா. நான் விடல்ல. அவ மீன் வெட்டுறத செல்போன்ல பிடிச்சு உங்களுக்கு அனுப்பினது நான். எனக்க கையாலே...

...

இருக்கேன், இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

தம்பி, மருமவன் ஷிஜு நல்ல பையனாக்கும். வயரிங் வேலை. இந்த முன்னோட்டம் வந்து ரெண்டு நாள்தான் ஆச்சு. திங்கக்கிழமை காலையில பைக்குல அவள இங்க கொண்டு வந்து எறக்கிட்டு, பைய வாசல் திண்டுல வச்சுட்டு போயிட்டான். ஹெல்மெட்ட கழத்தல்ல. நான் 'மோனே, வெள்ளமாவது குடிச்சுட்டுப் போ'ன்னேன். குடிக்கல்ல. இப்பம் விளிச்சா எடுக்க மாட்டான். பேத்தி ஆர்யா அங்க இருக்கா. மூணு வயசு. அவள தர மாட்டோம்னுட்டாங்க. எனக்க மவ ஆறு நாளா அறையில கெடக்குறா, பிள்ளையக் காணாம.

அந்தம்மாவ குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரல்ல, அதுதான் கஷ்டம். இவ எட்டு நாள் உங்களுக்க போட்டிக்கு சென்னைக்கு வந்தப்பம் அந்தப் பிள்ளைய ஆரு பாத்தா? அந்த மாமியாராக்கும். புளியும் தேங்காயெண்ணையும் குப்பியில அடைச்சு, துணி சுத்தி, 'சென்னையில நல்லது கிட்டாது'ன்னு கொடுத்து விட்டதும் அவியதான். அந்த எண்ணையிலதான் சாளைக்கறி வச்சா. உங்களுக்க நடுவர் ஒரு வாய் தின்னுட்டு மணம்னு சொன்னாரே, அந்த மணம்.

இப்பம் அந்தம்மா பால் சொசைட்டிக்குப் போனா ஒருத்தி கேக்குறாளாம், 'இன்னைக்கு மருமவளுக்கு சோறு உண்டா?'ன்னு. அன்னைக்கோட பால் கொண்டு போறத நிறுத்திட்டாவ. பசு கறக்குது, பால் அடுத்த வீட்டுக்காரன் கொண்டு போறான்... ஆமா. இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு. சரி.

...

என்னது?... பதினெட்டு லட்சம் பேரா? முன்னோட்டத்த மட்டுமா?... வாழ்த்துக்களா? எதுக்கு தம்பி?

எலே, நீ மனுஷனாடே? எனக்க பேத்தி அங்க அம்மைய கேட்டுட்டு கெடக்கு, நீ எனக்கு வாழ்த்து...

...

இல்ல. இல்ல, வைக்காதீங்க. மன்னிக்கணும். மன்னிக்கணும் தம்பி, வாய் தவறிப் போச்சு. சாரேன்னே சொல்லுறேன். சாரே, வைக்காதீங்க. நான் சண்டைக்கு விளிச்சவன் இல்ல. பஸ்ஸுல எத்தன சண்டைய விலக்கி விட்டவன் நான். எனக்கே இப்பம் விலக்கி விட ஆளில்ல, அதுதான்...

சரி. ஆமா. பொறுமையா பேசுறேன்.

நாங்க உங்களுக்க நிகழ்ச்சிய முதல் சீசன் முதக்கொண்டு பாக்குறோம் சாரே. ஒரு வாரம் விட்டதில்ல. கரண்டு போனா ஜெனரேட்டர் உள்ள வீட்டுல போய் இருந்து பாத்திருக்கோம்... நல்லதா? நல்லது உண்டு, இல்லன்னு சொல்லல்ல. ஆனா கேட்டதுனால சொல்லுறேன். சமையல் போட்டின்னு பேரு. உப்பு போடுறத காட்ட மாட்டீங்க. எத்தன தேங்காய்னு சொல்ல மாட்டீங்க. மூடிய திறக்கப் போவும்போ விளம்பரம் வரும். திரும்பி வந்தா பின்னயும் மூடித்தான் இருக்கும். நடுவர் ஒரு வாய் வச்சுட்டு கண்ண மூடி நிப்பாரு. அரை நிமிஷம் சத்தம் அனக்கம் இருக்காது. விஜயம்மா கேப்பா, 'அவருக்கு என்னமும் ஆயிட்டா'ன்னு.

அதெல்லாம் நாங்க சிரிச்சுட்டே பாத்தோம். சீரியலும் அப்பிடித்தான். ஒரு அடி விழுந்தா மூணு தடவ காட்டுவீங்க, வலத்த இருந்து, இடத்த இருந்து, மேல இருந்து. அதுல உள்ளவளுக்கு நோவாது. நடிக்க வந்தவ. சாயங்காலம் பொட்டு அழிச்சுட்டு வீட்டுக்குப் போவா. ஆனா சாரே, எனக்க மவ கரையும்போ நீங்க போட்டீங்களே ஒரு வயலின், அத கேட்ட உடனே எனக்கு தெரிஞ்சுது. உங்களுக்க எட்டரை மணி சீரியல்ல புருஷன் செத்ததுக்கு போட்டதாக்கும். அதே வயலின். சோறு கருகினதுக்கு சாவு வயலினா?

...

ஆமா. நாங்கதான் பாக்குறோம். அது சரி. பாக்குறவங்களுக்கு அதுதான் பிடிக்குதுன்னு நீங்க சொல்லுறீங்க, எனக்கு எதிர்த்துச் சொல்ல வாய் இல்ல. ஏன்னா சொல்லட்டா?

போன சீசன்ல ஒருத்தி வந்தா. தேனிப் பக்கம்னு நெனக்கிறேன். புருஷன் விட்டுட்டுப் போன கதைய சொன்னா. நான் அப்பம் மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்னுட்டு இருந்தேன். விஜயம்மா வெள்ளம் எடுக்க எழும்பினா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இருடி, இப்பம் கரைவா, பாத்துட்டுப் போ'ன்னேன். எனக்க வாயால சொன்னது. அவளும் இருந்தா. அந்தப் பொண்ணு கரைஞ்சா. நாங்க பாத்தோம். நல்லா இருந்துது சாரே. ஓட்டும் போட்டேன்.

அவளுக்கும் ஒரு அப்பன் உண்டுமில்லா. அவரும் உங்களுக்கு விளிச்சிருப்பாரோ என்னமோ... விளிச்சாரா?

...

சொல்லக் கூடாதா. சரி.

சரி சாரே, வெட்ட வேண்டாம். ரெண்டு நிமிஷமும் இருக்கட்டு. அந்தச் செவப்பு எழுத்த மட்டும் எடுத்துத் தாருங்க... ஆறரைக்குத்தானே, இப்பம் மூணுதான ஆவுது... ஃபைல் பூட்டியாச்சா? பூட்டினத தெறக்க ஒரு சாவி இருக்குமில்லா?... மும்பையிலயா? அங்க ஆரு?... அவியளுக்கு தமிழ் தெரியுமா?... தெரியாதா? அப்பம் எனக்க மவ என்ன சொல்லி அழுதான்னு தெரியாமலா அத பூட்டி வச்சிருக்காங்க?

சரி, எழுத்தும் இருக்கட்டு. அடியில சின்னதா ஒரு வரி போடுங்க. 'பிறகு புட்டு கொடுத்தாவ'ன்னு. அந்தக் கேள்விக்குறி அளவு போதும். எறும்பு அளவு போதும் சாரே, நாங்க தேடி வாசிச்சுக்கிடுவோம்...

முடியாதா. ஆமா... ஆமா... உங்களுக்க கையில இல்ல. தெரியுது. ஆருக்க கையிலயும் இல்ல. நாலு பேருகிட்ட பேசிட்டேன், ஒருத்தருக்க கையிலயும் இல்ல.

மக்கா... நீ ஏன் எழும்பி வந்த?... ஒண்ணும் இல்ல, பேசிட்டு இருக்கேன். நல்ல பையன்தான், கேட்டுட்டு இருக்கான். நீ போய் கஞ்சி குடி... இல்ல, நீ பேச வேண்டாம். வேண்டாம்னு சொன்னேன்! அன்னைக்குப் பேசினதுதான்... இல்ல மக்கா, உன்ன சொல்லல்ல. என்னையத்தான் சொன்னேன். நீ இரு. அங்க அம்மைக்க பக்கத்துல இரு.

சாரே, அவ எழும்பி வந்துட்டா. முன்னால நிக்குறா. ஆறு நாளைக்குப் பிறகு இப்பம்தான் முன்னறைக்கு வாறா... என்ன? அவகிட்ட போன கொடுக்கவா?... இல்ல, கொடுக்க மாட்டேன்.

ஒண்ணு கேக்கட்டா? நான் விளிச்ச உடனே ஒரு பொண்ணு சொல்லிச்சு, இந்த அழைப்பு பதிவு செய்யப்படும்னு. நான் இப்பம் பேசினது எல்லாம் அதுல உண்டா?... உண்டா. அதையும் டிவியில போடுவீங்களா?

...

சிரிச்சா எப்பிடி சாரே. போட மாட்டோம்னு சொல்லுங்க.

...

நாளைக்கா? நாளைக்கு என்ன?... மறுபக்கமா? என்ன மறுபக்கம்?

...

ஆரு? ஆரு பேசியிருக்காங்க?

...

சௌதாமினி அம்மாவா? எங்க சம்பந்தியம்மாவா?... வீட்டுக்கே வந்தா பிடிச்சீங்க? ஒற்றசேகரமங்கலத்துக்கா? எப்பம்?... வியாழக்கிழமை.

வியாழக்கிழமை நான் அங்க போனேனே. பேத்திய பாக்கணும்னு மூணு பஸ் மாறிப் போனேன். வாசல்ல ஒரு வெள்ளை வேன் கெடந்துது. கதவு அடைச்சிருந்துது. ஷிஜு வெளியே வந்து 'அப்பா, இன்னைக்கு வேண்டாம், போங்க'ன்னு சொன்னான். நான் பஸ் ஸ்டாப்புல ஒரு மணிக்கூர் நின்னுட்டு திரும்பி வந்தேன். உள்ள நீங்களா இருந்தீங்க?

...

ஆமா, நீங்க வரல்ல. உங்களுக்க ஆளுவ. சரி.

என்ன சொன்னாவ அவிய?... இல்ல, சொல்லுங்க. கோவப்பட்டாவளா? கரைஞ்சாவளா?... கரைஞ்சாவளா! ரொம்பவா?... அவியளுக்கும் அந்தச் சின்ன அறைதானா? அவியளுக்கும் முக்கால் மணிக்கூரா?

புட்டுக் காரியம் சொன்னாவளா?

...

சரி, அது வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லு தம்பி. எனக்க மவள திரும்ப வீட்டுக்கு ஏத்துவேன்னு சொன்னாவளா, இல்லியா? ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல, அது போதும்...

வெளியே சொல்லக் கூடாதா?

தம்பி, நான் வெளியாளா? அவளுக்க அப்பன் நான். அவ இந்தா எனக்க முன்னால நிக்குறா. எனக்க வாயப் பாத்துட்டு நிக்குறா... நீ சொல்ல வேண்டாம், சரியா? நான் கேக்கிறேன். ஏத்துவேன்னு சொல்லியிருந்தா நீ ஒரு தடவ இருமு. நான் புரிஞ்சுக்கிடுறேன். அது பதிவுலயும் தெரியாது.

...

தம்பி?

...

இருமுனதா, இல்ல லைன் கரகரன்னதா? ஒண்ணும் தெரியல்ல. இன்னொரு தடவ...

ஆமா... ஆமா, உங்களுக்கு வேலை இருக்கு. தெரியுது. நாளைக்கு பாக்குறோம்... ஆமா, குடும்பத்தோட. கண்டிப்பா பாக்குறோம். எத்தன மணிக்கு?... ஆறரைக்கே. இன்னைக்கும் ஆறரை, நாளைக்கும் ஆறரை. சரி சாரே. ஒரு நிமிஷம், ஆர்யா, எனக்க பேத்தி, அவளையும் கேமராவுல பிடிச்சிருக்கீங்களா? அவ எப்பிடி இருந்தா? சாப்பிட்டாளா? ஹலோ... சாரே? ஹலோ... ஹலோ...

வச்சிட்டான்.

இல்ல விஜயம்மா, ஒண்ணும் நடக்கல்ல... மக்கா, அப்பிடி பாக்காத. உனக்க மாமி பேசியிருக்காவளாம், டிவியில. என்ன சொன்னாவன்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு ஆறரைக்கு பாக்கணுமாம்.